லஸ் பக்கத்தில் ஒரு பேரண்ட வகுப்பு: 1,800 ரூபாய்க்குத் தகுமா?

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்தில், தையற்கடை ஒன்றின் மேல்மாடியில் உள்ள சிறு கூடத்தில், ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிந்த ஐந்து சனிக்கிழமை மாலைகளில், பேரண்டத்தின் விரிவும் முடிவும் பற்றித் தமிழில் ஒரு வகுப்பு நடைபெற்றது. கட்டணம் 1,800 ரூபாய். மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் 1,200 ரூபாய். மாலை 5.30 மணிக்குத் தொடங்கி 7.30 மணிக்கு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு நாளும் எட்டு மணிக்கு முன் முடிந்ததில்லை. ஐந்து நாட்களும் நான் சென்றுவந்தேன். அடுத்த முறை சேரலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்துபவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் வருவாய்த் துறையில் நில அளவையராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடிப்பதில் தொடங்கி டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வரை பார்த்துவிட்டேன். யார் எந்தத் தூரத்தைச் சொன்னாலும், எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள், எதைக் கொண்டு அளந்தீர்கள், எவ்வளவு பிழை வரும் என்று கேட்பது எங்கள் தொழிலின் பழக்கம். இந்த மதிப்புரையும் அந்தக் கண்ணோடுதான் எழுதப்படுகிறது. உலகம் எப்படி அழியும் என்ற பரபரப்புக்காக வருபவருக்கு இவ்வகுப்பின் பெரும்பகுதி சலிப்பூட்டலாம். அந்த முடிவைச் சொல்பவர்கள் எந்த அளவீட்டை நம்பிச் சொல்கிறார்கள் என்று அறிய விரும்புபவருக்கு முதல் மூன்று வாரங்களே கட்டணத்துக்கு ஈடாகிவிடும். நான்காவது வாரம் மழையில் போயிற்று. ஐந்தாவது வாரத்தைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வகுப்பெடுத்தவர் வயதில் என் மகளைவிட இளையவராக இருக்கக்கூடிய ஓர் ஆசிரியை. வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று முதல் நாள் அறிமுகம் செய்தார்கள். கலைச்சொற்கள் விஷயத்தில் அவருக்குப் பிடிவாதமும் இல்லை, கூச்சமும் இல்லை. செம்பெயர்ச்சி என்பார், அடுத்த வாக்கியத்திலேயே சூப்பர்நோவா என்பார், எது வாயில் இயல்பாக வருகிறதோ அதைச் சொல்லிவிட்டு மேலே போவார். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிறார் என்பது அவருடைய பலம்; எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று பார்ப்பதில்லை என்பது அவருடைய பலவீனம்.

முதல் நாள் அவர் வானத்தில் தொடங்காமல் பரங்கிமலையில் தொடங்கியபோதே நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்தில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். அந்தக் கோட்டைத் தரையில் அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அதன் பிறகு, சரிபார்ப்புக்காக இடையிடையே அளந்த சில கோடுகளைத் தவிர, மற்ற தூரங்களையெல்லாம் கோணங்களிலிருந்து கணக்கிட்டே இமயமலை வரை போனார்கள். விண்மீன்களின் தூரமும் இப்படித்தான் தொடங்குகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் விட்டம், அதாவது ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர், அங்கே அடிக்கோடு. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, அருகிலுள்ள விண்மீன் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்ற கோணத்திலிருந்து தூரத்தைப் பெறுகிறார்கள்.

கோணம் அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும் தொலைவில் வேறு வழி வேண்டும். ஹார்வர்ட் வானாய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியட்டா லெவிட், செஃபீடு வகை விண்மீன்கள் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை மங்கி ஒளிர்கின்றன என்பதற்கும் அவற்றின் உண்மையான ஒளிக்கும் தொடர்பு இருப்பதை 1912 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தினார். நாட்களை எண்ணினால் உண்மையான ஒளி தெரிந்துவிடும். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். எட்வின் ஹபிள் 1923 ஆம் ஆண்டில் மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவில் அப்படியொரு செஃபீடைக் கண்டு, அது நம்முடைய பால்வீதிக்கு வெளியே உள்ள வேறொரு விண்மீன் திரள் என்று காட்டினார். வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் அளந்துவந்த செம்பெயர்ச்சிகளையும், அதாவது விலகும் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவுகளையும், இந்தத் தூரங்களையும் சேர்த்து வைத்து, தொலைவில் உள்ளது அதிக வேகத்தில் விலகுகிறது என்று 1929 இல் ஹபிள் வெளியிட்டார். பேரண்டம் நிலையாக நிற்க வேண்டியதில்லை என்று 1922 இல் ஃபிரீட்மனும், அது விரிகிறது என்று 1927 இல் ஜார்ஜ் லெமேத்ரும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து சொல்லியிருந்தார்கள். அதனால்தான் 2018 முதல் இந்த விதியை ஹபிள்–லெமேத்ர் விதி என்று அழைக்கும்படி பன்னாட்டு வானியல் ஒன்றியம் பரிந்துரைத்திருக்கிறது.

இங்கே ஆசிரியை மறைக்காமல் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஹபிள் முதலில் பெற்ற எண் தவறானது. ஒரு மெகாபார்செக், அதாவது 32.6 லட்சம் ஒளி ஆண்டு, தூரத்துக்கு வினாடிக்கு 500 கிலோமீட்டர் என்று அவர் கணக்கிட்டார். அதன்படி பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள்தான் வரும். பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. தாயைவிட மகளுக்கு வயது கூடுதல் என்று எழுதிய பிறப்புச் சான்றிதழைப் போன்ற நிலை அது. செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு என்பதை வால்டர் பாடே 1952 இல் கண்டுசொன்ன பிறகு தூரங்கள் இரு மடங்காயின. பின்னும் பல திருத்தங்களுக்குப் பிறகு, இன்று அந்த எண் 70 ஐ ஒட்டி நிற்கிறது, வயது 1380 கோடி ஆண்டுகள்.

இரண்டாம் வாரம் முழுக்கச் செய்முறை. ஐந்து வாரங்களில் சிறந்தது இதுவே என்பேன். கீழே உள்ள தையற்கடையில் வாங்கிய எலாஸ்டிக் பட்டையில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகப் பேனாவால் குறித்து, இரண்டு மாணவர்களை இரு முனைகளைப் பிடித்து இழுக்கச் சொன்னார். அளவுகோல் என் கையில். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான தூரம் 6 சென்டிமீட்டர் ஆகும்வரை இழுத்து நிறுத்தினோம். நான் எந்தக் கோட்டின் மேல் விரல் வைத்திருந்தேனோ, அதிலிருந்து அடுத்த கோடு 1 சென்டிமீட்டர் விலகியிருந்தது. அதற்கு அடுத்தது 2, மூன்றாவது 3. நான்காவது 4 வந்திருக்க வேண்டும், 3.7 தான் வந்தது. பையன் பிடித்திருந்த முனையில் பட்டை சரியாக நீளவில்லை. பிறகு விரலை வேறொரு கோட்டுக்கு மாற்றினேன். அங்கிருந்து பார்த்தாலும் அதே 1, 2, 3. எல்லாத் திரள்களும் நம்மை விட்டு ஓடுகின்றன என்றால் நாம்தான் நடுவில் இருக்கிறோமா என்று நாற்பது ஆண்டுகளாக எனக்குள் இருந்த சந்தேகம், பத்து ரூபாய் எலாஸ்டிக்கில் தீர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பரப்பாக விரிவதைக் காட்டுவதற்காக, கல்லில் ஊற்றிய ஊத்தப்ப மாவு பரவும்போது வெங்காயத் துண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகும் காட்சியைக் கைபேசியில் எடுத்து வந்து திரையில் போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊத்தப்பத்துக்கு நடு உண்டு, ஓரம் உண்டு, பரவுவதற்குக் கல்லில் காலியிடமும் உண்டு. பேரண்டத்துக்கு இவை மூன்றும் இருப்பதாக எந்த அளவீடும் சொல்லவில்லை. பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ வெளியில தோசைக்கல்லு மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கணுமே, அது என்னம்மா?" என்று கேட்டார். விரிவதற்கு வெளியே இடம் தேவையில்லை, இருக்கும் தூரங்களே ஒன்றுக்கொன்று ஒரே விகிதத்தில் பெருகுகின்றன என்று விளக்கி முடிக்க ஆசிரியைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. தானே இழுத்துவிட்ட வேலை அது.

அப்படியானால் சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையிலான தூரமும் கூடுகிறதா என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. பதிலும் நன்றாக இருந்தது. கூடுவதில்லை. பாறையை அணுக்களின் பிணைப்பும், பூமியையும் சூரியக் குடும்பத்தையும் பால்வீதியையும் ஈர்ப்பும் கட்டி வைத்திருக்கின்றன. இவற்றுக்கு உள்ளே விரிவு செல்லாது. அந்தப் பிணைப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 4 மைக்ரான் அளவுதான் வருகிறது, தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. பட்டாவில் திருத்தம் கோரி யாரும் மனுக் கொடுக்க முடியாது.

அதே நாளின் இரண்டாம் பாதியில் ஒரு திரளின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைத் தாள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஆய்வகத்தில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரில் இருக்கும். தாளில் உள்ள திரளில் அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து, 1 மில்லிமீட்டருக்கு 1 நானோமீட்டர் என்று கொண்டு, தூரம் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் 31 மில்லிமீட்டர் என்று அளந்து, வினாடிக்கு ஏறத்தாழ 14,200 கிலோமீட்டர் வேகம், 66 கோடி ஒளி ஆண்டு தூரம் என்று எழுதினார்கள். எனக்கு ஒரு சந்தேகம். தாளின் அடியில் 50 நானோமீட்டர் என்று ஓர் அளவுக்கோடு போட்டிருந்தது. அதை அளந்தால் 47 மில்லிமீட்டர்தான் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்தவர் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டார். புலப்படத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து அதன் மேல் ஸ்கேல் வைத்து அளந்து சண்டை போடுபவர்களை நான் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன். சுருக்கத்தைச் சரிசெய்தால் பெயர்ச்சி 33 நானோமீட்டர், வேகம் 15,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல், தூரம் 70 கோடி ஒளி ஆண்டு. ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தால் 4 கோடி ஒளி ஆண்டு காணாமற்போயிருந்தது. ஆசிரியை வருத்தப்படவில்லை, மகிழ்ந்துபோய், அடுத்த அரை மணி நேரம் அளவைப் பிழைகளைப் பற்றியே பேசினார்.

மூன்றாம் வாரம் பெருவெடிப்பின் மிச்சச் சூட்டில் தொடங்கியது. 1964 இல் பென்சியாஸும் வில்சனும் எந்தப் பக்கம் ஆண்டெனாவைத் திருப்பினாலும் விடாமல் கேட்ட இரைச்சல், பேரண்டம் 3.8 லட்சம் ஆண்டு வயதில் ஏறத்தாழ 3000 கெல்வின் வெப்பத்தில் இருந்தபோது கிளம்பிய ஒளி. அதன்பின் தூரங்கள் ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டதால் அந்த ஒளியும் நீண்டு, இன்று 2.7 கெல்வின் நுண்ணலையாக வந்து சேர்கிறது. இதை ஆசிரியை சுருக்கமாக முடித்தார், சரியாகவே முடித்தார்.

அடுத்து வந்தது சந்திரசேகர். இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை. மயிலாப்பூரில் வளர்ந்து, கடற்கரை எதிரே மாநிலக் கல்லூரியில் படித்து, 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டவர் அவர். 1983 இல் நோபல் பரிசு பெற்றார். சூரியனைப் போல் 1.4 மடங்கு என்ற அந்த வரம்பை ஒட்டி வெள்ளைக் குள்ளன் வெடிப்பதால்தான் முதலாம் ஏ வகை சூப்பர்நோவாக்கள் கிட்டத்தட்ட ஒரே ஒளியுடன் இருக்கின்றன, தூரம் அளக்க விளக்காகப் பயன்படுகின்றன. இதை அந்தக் கூடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி வாழ்ந்த ஒருவரின் கதையாகச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். விண்மீனின் ஒளித்தர அளவை ஒழுங்குபடுத்திய நார்மன் போக்சன் 1861 முதல் 1891 வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில்தான் பணியாற்றினார் என்பதையும் சொல்லவில்லை. நான்தான் எழுந்து சொன்னேன்.

1998 இல் இரண்டு குழுக்கள், பேரண்டத்தின் விரிவு எவ்வளவு மட்டுப்பட்டிருக்கிறது என்று அறிய இந்த சூப்பர்நோவாக்களை அளந்தன. பிரேக் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்கப் போனவர்கள், வண்டி வேகமெடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது கூடுதல் தொலைவில் இருந்தன. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது. வேகமெடுக்கச் செய்வதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேரண்டத்தின் கணக்கில் அது 68 விழுக்காடு, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் இருண்ட பொருள் 27, நம்மைப் போன்ற சாதாரணப் பொருள் 5. இதை விளக்க ஆசிரியை சொன்ன உவமையை நான் இன்னும் மறக்கவில்லை. சென்னை மொட்டைமாடிகளில் நிற்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி சரியாக ஒரு கன மீட்டர். பேரண்டத்தின் எல்லாப் பொருளையும் ஆற்றலையும் சமமாகப் பரப்பினால், அந்தத் தொட்டிக்குள் 5 அல்லது 6 ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமமானதுதான் இருக்கும். அதிலும் உண்மையான அணு என்று பார்த்தால் நான்கு தொட்டிக்கு ஒன்று. தூரங்கள் இரு மடங்கானால் பொருள் எட்டில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். இருண்ட ஆற்றலோ, இன்றைய எளிய கணக்கின்படி, எத்தனை தொட்டி சேர்ந்தாலும் ஒவ்வொரு தொட்டியிலும் அதே அளவு இருக்கும். ஆகவே பொருளின் ஈர்ப்புப் பிடி தளர்ந்து, ஏறத்தாழ 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன் விரிவு வேகமெடுக்கத் தொடங்கிவிட்டது.

அன்று கடைசியில் வந்ததுதான் என்னைப் பொறுத்தவரை வகுப்பின் உயிர். விரிவின் வீதத்தை, மேலே சொன்ன மிச்சச் சூடான நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிட்ட பிளாங்க் விண்கலக் குழுவின் 2018 முடிவு 67.4, பிழை 0.5. செஃபீடும் சூப்பர்நோவாவும் வழியாக ரீஸ் குழு பெறுவது 73, பிழை ஏறத்தாழ 1. நடுவில் 70 என்று பெறும் குழுவும் உண்டு. மதுராந்தகம் பக்கத்தில் ஒரே புலத்தை இரண்டு அளவையர்கள் இரண்டு கற்களிலிருந்து அளந்து எட்டு லிங்க் வித்தியாசம் வந்த வழக்கு ஒன்று என் பணிக்காலத்தில் உண்டு. எட்டு லிங்க் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல். இருவருடைய வேலையிலும் அரை லிங்க் பிழைகூட இல்லை. அப்படி வந்தால் சராசரி எடுக்கக் கூடாது, எந்தக் கல் நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும்; அங்கே ஒரு கல்லை ஏர் ஓட்டியவர் இடம் மாற்றியிருந்தார். இதைச் சொன்னதும் ஆசிரியை, "சார், இப்ப உலகத்துல எல்லாரும் அந்தக் கல்லைத்தான் தேடிட்டிருக்காங்க" என்றார். எங்கள் தொழிலில் இல்லாத மூன்றாவது சாத்தியம் ஒன்றும் இங்கே உண்டு என்று சேர்த்துக்கொண்டார்: இரண்டு கல்லும் சரியான இடத்தில் இருந்து, நிலத்தைப் பற்றிய நம் கொள்கையே தவறாக இருக்கலாம்.

நான்காம் வாரம் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து ஆண்ட்ரோமெடாவைக் காட்டுவதாக அறிவிப்பு. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் இப்படியொரு நிகழ்ச்சியை வைத்தவர் சென்னையில் வாழ்பவராக இருக்க முடியாது. மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு கொட்டியது. கூடத்தில் உட்கார வைத்துப் படங்கள் காட்டினார்கள். வேறொரு நாளில் நடத்தித் தருவதாகச் சொன்னார்கள். இதை எழுதும் வரை தகவல் இல்லை, கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது பற்றிக் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அன்று கற்றுக்கொண்டது ஒன்றே: 25 லட்சம் ஒளி ஆண்டு தொலைவில் உள்ள ஆண்ட்ரோமெடா விலகவில்லை, வினாடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, ஏனென்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஈர்ப்பின் கை ஓங்கியிருக்கிறது. இரண்டு திரள்களும் மோதுவது உறுதி என்று முன்பு சொல்லிவந்தார்கள். அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் அதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று 2025 இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

ஐந்தாம் வாரம்தான் வகுப்பின் தலைப்பில் உள்ள பேரண்டத்தின் முடிவு. முதல் இருபது நிமிடங்களைப் பெருங்கிழிவு என்ற ஒரு காணொளி விழுங்கியது. இருண்ட ஆற்றல் காலம் செல்லச் செல்ல வலுத்தால், திரள்களும் விண்மீன்களும் கோள்களும் இறுதியில் அணுக்களும் பிய்ந்துபோகும் என்பது அதன் கரு. 2003 இல் கால்ட்வெல், காமியன்கோவ்ஸ்கி, வைன்பெர்க் மூவரும் முன்வைத்த இந்தக் கணக்கில் ஓர் எடுத்துக்காட்டுக்கு 2200 கோடி ஆண்டு என்று வந்தது. அந்த எடுத்துக்காட்டு, இருண்ட ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை –1.5 என்று வைத்துப் போட்டது. அளவீடுகளோ –1 ஐ, அதாவது மாறாத இருண்ட ஆற்றலை, ஒட்டி நிற்கின்றன. இதைச் சொல்லாமல் பூமி நொறுங்குவதை இசையோடு காட்டுவது, மூன்று வாரங்களாகக் கட்டிய பொறுமையை ஒரே மாலையில் கரைப்பது. பின்வரிசைப் பையன்கள் மட்டும் ரசித்தார்கள்.

மீதி நேரத்தில் ஆசிரியை தன்னுடைய பழைய தடத்துக்குத் திரும்பினார். இருண்ட ஆற்றல் மாறாமல் இருந்தால் நடக்கக்கூடியதை அவர் காலவரிசையாகச் சொன்ன விதம் அருமை. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் சூரியன் செம்பூதமாக வீங்கும். 10,000 கோடி ஆண்டுகளைத் தாண்டினால், ஈர்ப்பால் நம்மோடு கட்டுண்ட சில திரள்களைத் தவிர மற்றவை பார்வை எல்லைக்கு அப்பால் போய்விடும். அப்போது ஒரு வானியலாளர் பிறந்தால், பேரண்டம் விரிகிறது என்பதை அளக்க அவருக்கு ஓர் எல்லைக்கல்கூட மிஞ்சியிருக்காது. புதிய விண்மீன்கள் பிறப்பது ஏறத்தாழ 1-க்குப் பின் 14 சுழியங்கள் கொண்ட ஆண்டுகளில் ஓயும். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது: கோடியைக் கோடியால் பெருக்கினால் அதுவே வரும். கோடானுகோடி என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது இங்கே அப்படியே கணக்காகிவிடுகிறது. அதன்பின் வெள்ளைக் குள்ளன்கள் ஆறிப்போகும். ஹாக்கிங் 1974 இல் காட்டியபடி கருந்துளைகளும் மெல்ல ஆவியாகும், சூரியனின் நிறையுள்ளதற்கு 67 சுழியங்கள், மிகப் பெரியவற்றுக்கு 100 சுழியங்கள் கொண்ட ஆண்டுகள். இந்த நிலைக்கு வெப்ப மரணம் என்று பெயர். அக்கினி நட்சத்திரத்தைக் கோடம்பாக்கத்தில் கழித்தவர்களுக்கு இந்தச் சொல் தலைகீழான படத்தைத் தரும் என்று நான் சொன்னேன். நடக்கப்போவது குளிர், எங்கும் ஒரே அளவாகிப்போன, எந்த வேலைக்கும் உதவாத வெப்பநிலை. பெயரை மாற்ற வேண்டும் என்று ஆசிரியையும் ஒப்புக்கொண்டார்.

விரிவு நின்று எல்லாம் திரும்பிச் சுருங்கும் பெருங்குறுக்கத்துக்கு ஐந்து நிமிடம், வெற்றிடமே நிலைகுலையும் சாத்தியத்துக்கு இரண்டு நிமிடம். இவை குறைந்தது பரவாயில்லை. இருண்ட ஆற்றலை ஆராயும் டெசி ஆய்வுக்கும் ஐந்தே நிமிடம் ஒதுக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அரிசோனாவின் கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கியில் 5000 ஒளியிழைகளைப் பொருத்தி, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி திரள்களையும் குவாசார்கள் என்ற மிகத் தொலைவிலுள்ள பேரொளி மையங்களையும் அளந்து, 2025 மார்ச்சில் அந்தக் குழு வெளியிட்ட முடிவுகள், மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வருவதற்கான சாயலைக் காட்டுகின்றன. புள்ளியியல் வலு எந்த சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா, கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். அது உறுதியானால், மேலே சொன்ன காலவரிசை முழுவதையும் திருத்தி எழுத வேண்டிவரும், பெருங்குறுக்கத்தைக்கூட ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பேரண்டத்தின் முடிவு இன்று எந்த மேசையில் கிடக்கிறது என்றால் இந்த மேசையில்தான். அதைச் சொல்லும்போது மணி 7.55, காவலாளி விளக்கை அணைக்க வந்து நின்றார்.

வசதிகளைப் பொறுத்தவரை பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு மணி நேரத்துக்கு ஏற்றவையல்ல. லிஃப்ட் இல்லை, படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் சேர வேண்டும். கொசுவுக்குச் சுருள் ஏற்றி வைத்தார்கள், அதன் புகை கொசுவைவிட மோசம். இடைவேளையில் தந்த சுக்குக் காப்பியைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. அச்சிட்ட குறிப்புகள் 40 பக்கம், பிழை குறைவு, கலைச்சொல் பட்டியல் பயனுள்ளது. சிறு பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப்போவது நல்லது. பிளஸ் டூ கணிதம் கைவசம் இருப்பவர்களுக்கு முழுப்பயன் கிடைக்கும்.

அடுத்த அணி தை மாதத்தில் தொடங்குவதாகச் சொல்கிறார்கள். மாணவர் கட்டணத்திலோ மூத்தவர் கட்டணத்திலோ சேர முடிந்தால் தயங்காமல் சேரலாம். முழுக் கட்டணம் கட்டுபவர்கள், வான்காட்சி உண்டா, எந்தத் தேதியில், மழை வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். நிறமாலைத் தாள் கைக்கு வந்ததும் முதலில் அடியில் உள்ள அளவுக்கோட்டை அளந்துவிடுங்கள். அளவுகோலை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், அங்கே மூன்றுதான் இருக்கின்றன.